கிணற்றடிப் பக்கத்துக் கதவு

புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவரில் அந்தி நேரம் தண்ணீர் ஊற்றினால் ஒரு மணம் எழும்பும். மண் மணமுமில்லை, சுண்ணாம்பு மணமுமில்லை. இரண்டுக்கும் நடுவில், நாக்கின் நுனியில் கொஞ்சம் காரமாக நிற்கிற மணம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தை எறிந்துவிட்டு, வாளியும் கையுமாகக் கிணற்றடிக்கும் சுவருக்குமாக ஓடுவதுதான் அந்த வருஷம் எனக்கும் தம்பிக்கும் வேலை. "செவருக்குத் தண்ணி குடுக்கிற" என்று அதற்குப் பெயர். கல்முனைக்குடியில் பெரிய சூறாவளி ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்க் கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. பாதித் தென்னைகள் தலையில்லாமல் நின்ற எங்கள் வளவில் என் மூத்த சகோதரியான ராத்தாவின் வீடு எழும்பிக்கொண்டிருந்தது.

ராத்தாவின் வீடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் கரையில் பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு வீட்டைக் கட்டி, அதை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்சப் பிள்ளைகளையும் சட்டி பானைகளையும் தூக்கிக்கொண்டு அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு கிடுகுக் குடிலுக்கு ஒதுங்கி, அடுத்தவளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்று மற்ற ஊர்களில் இரண்டு பாரமாகச் சொல்வார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே பாரம். அந்த வீட்டில் ஒரு யன்னல் கூடினாலும் குறைந்தாலும் அது கட்டுகிறவரின் சுகத்துக்காக அல்ல. அவர் அந்த யன்னலோரம் ஒரு நாளும் கதிரை போட்டு உட்காரப் போவதில்லை.

வாப்பாவுக்கு ஊருக்கு மேற்கே வட்டைக்குள் கொஞ்சம் வயல் இருந்தது. கை இறுக்கமானவர். சூறாவளியில் பறந்து விழுந்த கூரைகளிலிருந்து பிடுங்கிய ஆணிகளை ஒரு டின்னில் சேர்த்து வைத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபின் ஒரு கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்துவார். சீமெந்துப் பைக் கடதாசிதான் எங்கள் கொப்பிகளுக்கு உறை. எச்சில் கையால் காக்கை விரட்டாத மனிதர் என்று சாச்சி, உம்மாவின் தங்கை, முகத்துக்கு நேரேயே பகிடி பண்ணுவாள். வாப்பா சிரித்துக்கொண்டே, "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்பார். இப்போது யோசித்தால் அது கஞ்சத்தனமே இல்லை, பயம். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு வீடுகள். மழை பிழைத்தால் வெள்ளாமை இல்லை. அந்தப் பயத்தில் அவர் நிமிர்த்திய ஆணிகள்தான் எங்கள் கூரையைத் தாங்கின.

மாப்பிள்ளையாகப் பேசியிருந்தவர் வாத்தியார். கொழும்புப் பக்கம் ஆசிரியர் கலாசாலையில் படித்துவிட்டு வந்தவர். கல்யாணப் பேச்சு நடக்கும்போது அவருடைய மாமா ஒருவர், மாப்பிள்ளைக்கு இருட்டுக்குள் வெளியே போய்ப் பழக்கமில்லை என்று மெதுவாகச் சொல்லிவைத்தார். பதினெட்டு வயது வரை எங்களோடு இதே மணலில் வேலியோரம் போய் வந்தவருக்குக் கொழும்பில் எப்படிப் பழக்கம் விட்டுப்போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சொன்னதன் பொருள் எல்லோருக்கும் விளங்கியது: "அட்டாச் பாத்றூம்" வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அது ஒரு வீட்டிலும் இல்லை. சோறு ஆக்குகிற கூரைக்குக் கீழேயே கக்கூசும் இருப்பதா என்று கேட்டு மூக்கைப் பொத்தியவர்கள்தான் அதிகம். வாப்பா நாலு நாள் தாடியைத் தடவிக்கொண்டு திரிந்துவிட்டு, சரி என்றார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு இல்லையென்று சொல்கிற துணிவு எங்கள் ஊரில் எந்தத் தகப்பனுக்கும் கிடையாது.

மணமக்களின் அறையோடு ஒட்டியபடி அந்தப் பாத்றூமின் சுவர்கள் இடுப்பளவு எழும்பியிருந்தபோதுதான் மேசன் அந்த யோசனையைச் சொன்னார். பாத்றூமின் பின்சுவர் கிணற்றடியைப் பார்த்திருந்தது.

"இஞ்சால கிணத்தடிப் பக்கமா இன்னொரு கதவ வெச்சா, அறைக்குள்ள போகாம பின்னுக்கு இரிக்கிற ஆக்களும் பொழங்கலாம். இப்பவே வெச்சாத்தான். பொறகு உடைக்கிறது கரைச்சல்."

குசினி வாசலில் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்ற உம்மா, "ஓம், நல்லந்தான். மாரிக்குப் புள்ளையளுக்கும் லேசா இரிக்கும்" என்றாள்.

உம்மா சொன்னது அவ்வளவுதான். அவளுடைய இடது முழங்கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. நல்லெண்ணெயில் உள்ளியைப் போட்டுக் காய்ச்சி மாலையில் நான்தான் தேய்த்து விடுவேன். குளிர் என்பாள், வேறொன்றும் சொல்ல மாட்டாள். வாப்பா வட்டைக்குப் போயிருக்கும் நாட்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவள், அவர் வந்துவிட்டால் கையை எடுத்துவிடுவாள். தனக்கு வேண்டும் என்று ஒரு பொருளைக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வேண்டியதையெல்லாம் பிள்ளைகள் பெயரில்தான் கேட்பாள்.

வாப்பா அதை எடுத்தெறிந்து விடவில்லை. மரவேலை ஓடாவியிடம் சொல்லி அந்தக் கதவுக்கும் முதிரைப் பலகை அறுக்கச் சொன்னார். பலகையும் வந்தது. பிறகுதான் அவருடைய பயம் வேலை செய்யத் தொடங்கியது. கதவென்றால் நிலை வேண்டும், பிணைச்சல் வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும், வெளியே படி கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது: மூத்தவளுக்கு எதைச் செய்தாலும் அதை இளையவளான எனக்கும் செய்தாக வேண்டும். குறைத்தால் நாளை என் மாப்பிள்ளை வீட்டார் ராத்தாவின் வீட்டைக் காட்டிக் கேட்பார்கள். ராத்தா வீட்டில் கூடுகிற ஒவ்வொரு கல்லும் வாப்பாவுக்கு இரண்டு கல். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் கட்டுச் சுவருக்கு முன்னால் வந்து நின்று தீர்ப்பைச் சொன்னார்.

"ஒரு கக்கூசுக்கு ரெண்டு கதவு என்னத்துக்கு? கள்ளனுக்குத்தான் வசதி. புள்ளையளுக்குக் கால் இரிக்கி, ஓடட்டும்."

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் போனாள். மேசன் சுவரை மூடிக் கட்டினார். நாங்கள் அதற்கும் தண்ணீர் ஊற்றினோம். அறுத்த பலகை வீணாகலாமா? ஓடாவி அதில் எனக்கொரு படிக்கிற மேசை செய்து தந்தார். வகுப்பில் மேசை வைத்துப் படித்தவள் நான் ஒருத்திதான். அதைத் தொட்டுப் பார்க்கக் கூட்டாளிமாரைக் கூட்டி வந்து காட்டினேன். உம்மாவும் வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல பலகை என்றாள்.

கல்யாணம் முடிந்தது. வாத்தியார் எங்களுக்கு மச்சானாகி ராத்தாவின் வீட்டுக்கு வந்தார், நாங்கள் பின்பக்கக் குடிலுக்குப் போனோம். பழைய கக்கூசு வளவின் கடைசியில், வேலியோரம். எங்கள் பூமி பள்ளம். மாரி தொடங்கினால் குடிலுக்கும் அதற்கும் நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ராத்தாவின் பாத்றூமோ எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் அதற்குப் போகிற ஒரே வழி ராத்தாவும் மச்சானும் படுக்கிற அறை.

இந்த இடத்தில் எங்கள் ஊரின் இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மாமி, மருமகன் முன்னால் வர மாட்டாள். ஒரே வளவில் வருஷக்கணக்காக வாழ்வார்கள். அவருக்குச் சோறு ஆக்குவாள், கறிக்கு உப்புப் பார்ப்பாள், காய்ச்சல் என்றால் அழுது துவா கேட்பாள். ஆனால் அவர் முற்றத்தில் செருமினால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். மச்சான் எங்கள் உம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். அப்படிப்பட்டவள் மருமகன் படுக்கிற அறைக்குள் செம்போடு நடந்து போவாளா?

ஒரு முறை போனாள். மழை விடாமல் பெய்த ஒரு நாள். மச்சான் பள்ளிக்கூடம் போயிருந்தார். ராத்தா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போய் உள்ளே விட்டாள். உம்மா அப்போதுதான் தாழ்ப்பாளைப் போட்டிருப்பாள். மச்சான் தலையிடியென்று பாதியில் வந்து அறைக்குள் போய்க் கட்டிலில் சாய்ந்துவிட்டார். ராத்தாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னுக்கு வாங்க, தேத்தண்ணி ஊற்றியிருக்கிறேன் என்றாள். இங்கே கொண்டுவா என்றார். முன் விறாந்தையில் காற்று நல்லது என்றாள். மழைச் சாரல் என்றார். உம்மா உள்ளே இருக்கிறாள் என்று ஒரு சொல் சொன்னால் அவர் எழுந்து ஓடியிருப்பார். ஆனால் மாமி கக்கூசுக்குள் இருப்பது மருமகனுக்குத் தெரிவதைப் போல ஒரு வெட்கக்கேடு வேறில்லை. ஆகவே ராத்தா சொல்லவில்லை; அவர் நன்றாகத் தூங்கிப் போனார்.

நான் வெளியே போய், பின்சுவரில் காற்றுக்காக விட்டிருந்த சின்ன ஓட்டைக்குக் கீழே நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது: "கத்தாத புள்ள. தாழ்ப்பாளத் தொட்டாலே முழிச்சிருவார். அவர் எழும்பிப் போனாச் சொல்லு." முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னது. கொஞ்ச நேரத்தில் உள்ளே விசும்பல் கேட்டது. அவள் நின்ற இடம் தொழ முடியாத இடம். எனக்குத் தெரிந்து உம்மா நோயிலும் தொழுகையை விட்டவளல்ல. அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் மச்சான் எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த உம்மா நேரே கிணற்றடிக்குப் போனாள். வுழூ எடுத்து, விட்ட தொழுகையைக் கழாச் செய்துவிட்டு நெடுநேரம் முஸல்லாப் பாயிலேயே இருந்தாள். அதற்குப் பிறகு அந்த அறை வாசலை அவள் மிதிக்கவேயில்லை.

மச்சானுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. நல்ல மனிதர். விடியற்காலையில் சுபஹுத் தொழப் போனால் வெயில் ஏறித்தான் வருவேன் என்று எங்களுக்குக் கேட்கும்படி ராத்தாவிடம் உரக்கச் சொல்லத் தொடங்கினார். சொன்னபடியே பசி வயிற்றோடு பள்ளிவாசல் விறாந்தையில் உட்கார்ந்திருப்பார் என்று தம்பி வந்து சொல்வான். உம்மா அப்போதும் போகவில்லை, வேலியோரத்துக்கே போனாள்.

அடுத்த மாரியில், சுபஹு நேரம், கிணற்றடிக்கு அப்பால் தண்ணீருக்குள் வழுக்கி விழுந்தாள். ஏற்கெனவே வீங்கிய கால்தான். வாப்பா ஓடிப்போய் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். முறிவு வைத்தியர் வந்து பத்துப் போட்டுக் கட்டும்போது, முழங்காலைத் தொட்டுப் பார்த்து, இது இன்றைய நோவில்லை, பல வருஷத்து நோவு என்றார். வாப்பா என்னைப் பார்த்தார். நான் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன்.

வைத்தியர் போனபின் வாப்பா உம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். "கால் நோவெண்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் கதவ வெச்சிருப்பனே புள்ள."

"சொல்லாத நான்தானே. உங்களுக்கு ரெண்டு பொம்புளப் புள்ளையளும் கண்ணுக்குள்ள நிண்ட மாதிரித்தான் எனக்கும்."

வாப்பா அன்றே மேசனைக் கூட்டி வரக் கிளம்பினார். சுவரை உடைத்துக் கதவு வைப்பது என்று நின்றார். செலவைப் பற்றி ஒரு சொல் இல்லை. உம்மாதான் விடவில்லை. குடுத்த வீட்டுச் சுவரை உடைப்பதா, அது மகளுடைய வீடு, ஏன் உடைக்கிறோம் என்று மருமகன் கேட்டால் என்னவென்று சொல்வது என்றாள். மச்சானைக் கேட்டிருந்தால் அவரே சுவரை உடைக்க அலவாங்கோடு வந்திருப்பார். ஆனால் கேட்பதானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் அவருக்குத் தெரியும். தெரியும் என்பதைக் காட்டிக்கொள்வதும் அவருக்கு மரியாதையில்லை. ஒரு வளவில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் நாங்கள் அடக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

உம்மாவின் கால் பிறகு நேராகவில்லை. வாப்பா நடைபாதைக்குக் கொங்கிறீட் கல் பதித்தார், வேலியோரம் பிடித்து நடக்கக் கயிறு கட்டினார், வுழூவுக்குத் தண்ணீர் எடுத்து வாசலில் வைத்தார். வட்டைக் காவலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். ராத்தா தன் பாத்றூமுக்குள் போகும்போதெல்லாம் குற்றவாளி மாதிரிப் போவாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவாள். எனக்கோ அந்த மேசை. நான் கேட்டு வாங்கியதில்லை, நான் எதையும் தடுத்ததுமில்லை. யாரும் என்னைக் குறை சொன்னதுமில்லை. ஆனாலும் முழங்கையை அதில் ஊன்றும்போது உம்மாவின் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். அதில் இருந்து படித்துத்தான் நானும் வாத்தியாரம்மாவானேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், முழுதாக ஒரு நாளும் முடிந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது உம்மா இல்லை. அவள் மௌத்தானது நெஞ்சு நோவால், காலால் அல்ல. அந்த வித்தியாசம் வாப்பாவின் மனசில் ஏறவில்லை. ஊரடங்குச் சட்டமும் சீமெந்துத் தட்டுப்பாடுமாகக் கிடந்த காலம் அது. சாமான்கள் எல்லாவற்றிலும் பேரம் பேசினவர், பாத்றூம் பேச்சு வந்ததும் மேசனிடம், "இதுக்கு ரெண்டு கதவு. எவ்வளவு போகுதெண்டு எனக்குச் சொல்லாதீங்க" என்றார். என் கல்யாணத்துக்குப் பிறகு தம்பியோடு பின்பக்கக் குடிலில்தான் இருந்தார். கண் மங்கி, பொல்லோடு நடக்கிற வயது. மழையில் நனைந்துகொண்டு வேலியோரத்துக்குப் போவார். நான் அழுதுகூடப் பார்த்தேன்: கதவு திறந்துதான் கிடக்கிறது வாப்பா, அறைக்குள் வரத் தேவையில்லை, நாலு அடி.

"அது உங்கட உம்மாக்கு வெச்ச கதவு மகள்" என்றார்.

கடைசி வரைக்கும் அதில் அவர் கால் வைக்கவில்லை. கையாலாகாத கோபத்தில் நான் அவரோடு சில நாள் கதைக்காமல்கூட இருந்திருக்கிறேன்.

இன்று எங்கள் தெருவில் வேலியோரக் கக்கூசு ஒன்றும் இல்லை. கிணறுகளைத் தூர்த்துவிட்டார்கள், வீட்டுக்கு மூன்று பாத்றூம், முழங்கால் வரைக்கும் டைல்ஸ். சென்ற வருஷம் என் வீட்டையும் நான் மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவள் என்னைப் பின்பக்கம் ஒதுங்க விடவில்லை. அதே வீட்டில் ஓர் அறை எனக்கு. கதவுக்குப் பின்னால் ஒளிகிற மாமிமார் இந்த ஊரில் இல்லாமல் போய்விட்டார்கள். என் மருமகன் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறார், பிரஷர் குளிசையை மறந்தால் என்னை ஏசுகிறார். நல்ல மாற்றம். இவ்வளவு லேசாக மாறக்கூடிய ஒன்றாக இருந்ததா அது என்று நினைத்தால்தான் தாங்க முடிவதில்லை.

போன மாரியில் ஒரு சுபஹு நேரம் நானும் மருமகனும் ஒன்றாகப் பாத்றூம் வாசலுக்கு வந்துவிட்டோம். அவர் தோளில் துவாயோடு விலகி நின்று, "நீங்க முதல்ல போங்க மாமி. நிலம் வழுக்கும், பார்த்து" என்றார். சாதாரணமாகச் சொன்னார்; சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். நான் ஓம் மகன் என்று உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, வுழூவுக்குக் குழாயைத் திறந்தேன். வாப்பா இருந்திருந்தால் தண்ணீர் வீணாகிறதென்று ஏசியிருப்பார். நான் அழுகிற சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று அதை அப்படியே ஓட விட்டேன்.